அறுத்தலும் சுடுதலும்: கட்டி மருத்துவத்தில் லேசர்

அறுத்தலும் சுடுதலும் மருத்துவத்தின் மிகப் பழைய செயல்கள். மருத்துவன் உடலைக் கீறிச் சூடிட்டபோதும் அவன்மீது அன்பு நீங்காத நோயாளியைக் குலசேகர ஆழ்வார் தம் பெருமாள் திருமொழியில் உவமையாக்கினார். அன்று வெட்டக் கத்தியும் குருதியை அடக்கச் சூட்டுக்கோலும் தனித்தனியே வேண்டியிருந்தன. அவ்விரு தொழிலும் ஒரே ஒளிக்கற்றையில் இணைந்த வரலாற்றை நாம் இங்குக் காண்போம்.

தூண்டினால் அணுக்கள் ஒரே சீரான ஒளியை உமிழும் என்னும் கருத்தை ஐன்ஸ்டைன் 1917இல் முன்வைத்தார். அது கருவியாக உருப்பெற 43 ஆண்டுகள் ஆயின. 1960 மே 16 அன்று அமெரிக்காவில் தியோடர் மைமன் மாணிக்கக்கல் தண்டைக்கொண்டு முதல் லேசரை ஒளிரச் செய்தார். விரைவிலேயே சின்சினாட்டி நகரின் தோல் மருத்துவர் லியோன் கோல்ட்மன் அவ்வொளி தோலில் விளைவிப்பதை ஆராயத் தொடங்கினார்.

மருத்துவருக்குக் கத்தியாகப் பயன்பட்டதோ வேறொரு லேசர். இந்தியாவின் பாராமதியில் பிறந்த குமார் பட்டேல், 1964இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கரியமிலவாயு லேசரை உருவாக்கினார். அதன் 10.6 மைக்ரோமீட்டர் அலைநீளக் கதிரை நீர் வெகுவாக உறிஞ்சும். நம் திசுக்களில் பெரும்பகுதி நீரே. ஆதலால் கதிர் பட்ட இடம் நொடியில் ஆவியாகிறது. அருகிலுள்ள நுண்குருதிக் குழாய்களும் வெப்பத்தால் மூடிக்கொள்கின்றன. 1970களில் குரல்வளை அறுவையில் இடம்பெற்ற இம்முறை, பின்னர்க் கட்டிகளுக்கும் பரவியது.

உறைக்குள் நீரோ கூழோ நிறைந்த பையை நாம் பொதுவாக நீர்க்கட்டி என்கிறோம். எனினும் எல்லாக் கட்டியிலும் நீர் இருப்பதில்லை. தோலடியில் தோன்றுவனவற்றுள் பலவற்றில் தோற்புரதமே கூழாகத் திரண்டிருக்கும். லேசரால் சிறு துளையிட்டு, அக்கூழைப் பிதுக்கி, உறையையும் நீக்கினால் தழும்பு சிறிதாகும். உறை எஞ்சினால் கட்டி மீண்டும் வளரக்கூடும். இந்த உண்மையைக் கத்தியைப் போலவே லேசராலும் மாற்ற இயலவில்லை.

மற்றொன்றும் மாணவர் உணரத்தக்கது. ஆவியான திசுவை நுண்ணோக்கியில் காண இயலாது. கட்டி புற்றாக இருக்குமோ என்னும் ஐயம் எழுமிடத்து, திசுவை வெட்டியெடுத்துச் சோதித்தலே முறை. அங்கே பழைய கத்தியே ஏற்றது. ‘லேசர்’ என்னும் சொல்லின் பளபளப்பில் இவ்வேறுபாடு மறைந்துவிடலாகாது.

ஆழ்வார் பாடிய நோயாளி அன்பு வைத்தது வாளின்மீதன்று, மருத்துவன்மீது. கருவி மாறிய பின்னரும் எங்கே எதை எடுப்பது என்று தேரும் பொறுப்பு மருத்துவரிடமே இருக்கிறது.