பர்ட்டிகுலர் பாப்டிஸ்ட்

'சாப்பாட்டு விஷயத்தில் அவர் ரொம்பப் பர்ட்டிகுலர்' என்கிறோமே, அந்தக் கறார்த்தனம் இந்தப் பெயரில் இல்லை. லத்தீனில் 'பார்ஸ்' என்றால் பங்கு. 'பார்ட்டிகுலா' சிறு பங்கு. கிறிஸ்து மரித்தது எல்லாருக்காகவும் அல்ல, தேவனால் தெரிந்துகொள்ளப்பட்டவர்களுக்காக மட்டுமே என்ற கால்வினியக் கொள்கையை ஏற்ற இங்கிலாந்து பாப்டிஸ்டுகளுக்கு 17ஆம் நூற்றாண்டில் ஒட்டிக்கொண்ட பெயர் இது. எல்லாருக்காகவும்தான் என்றவர்கள் 'ஜெனரல்' பாப்டிஸ்டுகள்.

தெரிவு முன்பே முடிந்துவிட்டதென்றால் பிரசங்கம் எதற்கு? 18ஆம் நூற்றாண்டில் சில சபைகளின் போதகர்கள், விசுவாசியாதவர்களை 'வாருங்கள்' என்று அழைக்கவே தயங்கினார்கள். வேடிக்கை என்னவென்றால், 1792இல் கெட்டரிங் ஊரில் வில்லியம் கேரியும் நண்பர்களும் தொடங்கிய மிஷன் சங்கத்தின் அன்றைய முழுப் பெயரும் 'பர்ட்டிகுலர் பாப்டிஸ்ட்' என்றுதான் தொடங்கியது.