அலை வரும் நாளை அறிந்த கதை



'அலை ஓய்ந்த பிறகா கடலாடுவது?' என்று நம் முன்னோர் கேட்டார்கள். கடலில் அலை ஓயப்போவதில்லை. ஆகையால் காலம் தாழ்த்தாமல் காரியத்தைத் தொடங்கு என்பது அப்பழமொழியின் கருத்து. ஆனால், அலை எழட்டும் என்று நாள் கணக்கில் காத்திருக்கின்ற மனிதரும் உலகில் உண்டு. ஒரு பலகையின் மீது நின்று, உருண்டு வரும் அலையின் சரிவில் வழுக்கிச் செல்லும் அலைச்சறுக்கு வீரர்களே அவர்கள். 'வரும் வாரங்களில் அலை எப்படி இருக்கும்? காற்று எப்படி இருக்கும்?' என்பதே அவர்களுடைய ஓயாத கேள்வி.

இக்கேள்விக்கு விடை கூறும் அறிவியல் எப்படிப் பிறந்தது, அதன் எல்லை எதுவரை என்பதை இன்று காண்போம். இது விளையாட்டுக்காரரின் கேள்விதானே என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. போர்க்காலத்தில் பல்லாயிரம் வீரர்களின் உயிர் இந்த விடையை நம்பி இருந்தது. நம் குமரிக் கரையில் இன்றும் அது உயிர்களோடு தொடர்புடைய செய்தியாகவே இருக்கிறது.

முதலில், பசிபிக் பெருங்கடலின் நடுவே உள்ள தஹீத்தித் தீவுக்குச் செல்வோம். அத்தீவின் தென்மேற்குக் கரையில் தெயாஹூப்போ என்னும் சிற்றூர் இருக்கிறது. ஊருக்கு எதிரே, கரையிலிருந்து அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் பவளப்பாறைத் திட்டு ஒன்று அரணாக நிற்கிறது. திட்டுக்கு வெளியே கடல் மிக ஆழம். திட்டின் மேலோ சில இடங்களில் ஓர் ஆள் ஆழம்கூட இல்லை. ஆழ்கடலில் வேகமாக வரும் அலையின் அடிப்பாகம் இத்திட்டில் தடைபடுகிறது. மேற்பாகமோ முன்னோக்கிப் பாய்கிறது. அதனால் அலை செங்குத்தாக எழும்பி, குழல்போல் சுருண்டு விழுகிறது. மணற்கரையின் அடித்தளம் பருவந்தோறும் மாறும், பாறைத்திட்டு மாறாது. ஆகவே, தகுந்த திசையிலிருந்து தகுந்த அலை வந்தால் இங்கே அது ஒரே இடத்தில், ஒரே விதமாக உடையும். வருமா, எப்போது வரும் என்பதுதான் கேள்வி.

தஹீத்தி மக்களுக்கு இவ்விளையாட்டு புதிதன்று. 1769ஆம் ஆண்டில் கேப்டன் குக்கின் கப்பலில் அங்கே சென்ற ஜோசப் பேங்க்ஸ் என்னும் இயற்கை ஆய்வாளர், ஓடங்கள் கரையேற முடியாத அளவுக்கு அலை உடைந்த ஓரிடத்தில், தீவுவாசிகள் பழைய ஓடமொன்றின் பின்பகுதியைப் பிடித்துக்கொண்டு அலைமீது வந்து மகிழ்ந்ததைக் கண்டு வியந்து எழுதி வைத்தார்.

பசிபிக் தீவுகளின் மாலுமிகள் அலையைப் படிக்கவும் அறிந்திருந்தார்கள். மார்ஷல் தீவுகளில் குச்சிகளையும் சிப்பிகளையும் கட்டி, அலைகள் தீவுகளைச் சுற்றி வளைந்து செல்லும் முறையைக் காட்டும் படங்களைச் செய்தார்கள். 1976ஆம் ஆண்டில் ஹொக்குலேயா என்னும் பாய்மர இரட்டை ஓடம், ஹவாயிலிருந்து புறப்பட்டு ஏறத்தாழ ஒரு மாதத்தில் தஹீத்தியை அடைந்தது. வழிகாட்டியான மாவ் பியாலுக் கருவி எதனையும் பயன்படுத்தவில்லை. விண்மீன்களும் ஓடத்தின் அடியில் உணரப்பட்ட அலைகளுமே அவருக்குத் துணை. காற்று மாறிய பின்னும் பழைய திசையிலிருந்தே வந்துகொண்டிருக்கும் அலை ஒன்று உண்டு என்பதை அம்மாலுமிகள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தார்கள். தொலைவிலுள்ள புயலில் பிறந்து, அப்புயலை விட்டு நீங்கிப் பயணம் செய்யும் அவ்வலையை நாம் 'நெட்டலை' என்று அழைப்போம்.

நெட்டலையைக் கணக்கில் அடக்கும் முயற்சியைத் தூண்டியது இரண்டாம் உலகப்போர். 1942ஆம் ஆண்டில் நேச நாட்டுப் படைகள் வட ஆப்பிரிக்கக் கரையில் இறங்கத் திட்டமிட்டன. அமெரிக்காவில் நடந்த ஒத்திகைகளில், சில அடி உயர அலை எழுந்தாலே படகுகள் பக்கவாட்டில் திரும்பித் தத்தளித்தன. ஆப்பிரிக்காவின் அட்லாண்டிக் கரையிலோ குளிர்காலத்தில் அதைவிடப் பெரிய அலைகள் அடிப்பது வழக்கம். இதனைக் கவனித்தவர் வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய வால்ட்டர் மங்க் என்னும் இளைஞர்.  அவர் தம் ஆசிரியரான நார்வே நாட்டு அறிஞர் ஹரால்ட் ஸ்வெர்ட்ரூப்போடு சேர்ந்து ஒரு கணக்கு முறையை வகுத்தார். காற்றின் வேகம் எவ்வளவு, அது எவ்வளவு நேரம் வீசியது, எவ்வளவு அகலமான கடற்பரப்பின்மீது வீசியது என்ற மூன்றும் தெரிந்தால் அலையின் உயரத்தைக் கூறிவிடலாம் என்பதே அம்முறை.

1944ஆம் ஆண்டு நார்மண்டிக் கரையில் படையிறக்கம் நிகழ்ந்தபோதும் இம்முறை துணை நின்றது. ஜூன் 5 என்று முதலில் நாள் குறித்திருந்தார்கள். கடும் காற்று வருகிறது என்று தலைமை வானிலை ஆலோசகர் ஜேம்ஸ் ஸ்டாக் எச்சரித்தார். நாள் ஜூன் 6க்கு மாற்றப்பட்டது. அன்றும் கடல் கொந்தளிப்பாகவே இருந்தது. ஆயினும் படகுகள் கரையேற முடிந்தது. அந்த நாளை விட்டிருந்தால், கடலின் ஏற்ற இறக்கம் மீண்டும் பொருந்திவர இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். அந்த இரண்டாவது வாய்ப்பு என்னவாயிற்று தெரியுமா? ஜூன் 19 முதல் சில நாட்கள் அடித்த பெரும் புயல், அமெரிக்கப் படையினர் அமைத்திருந்த செயற்கைத் துறைமுகத்தையே உடைத்து நொறுக்கியது. ஒரு நாள் முன்னதாக அறிவதற்கும் இரண்டு வாரம் முன்னதாக அறிவதற்கும் எவ்வளவு தூரம் என்பதை இந்நிகழ்ச்சி நமக்குக் காட்டுகிறது.

போர் முடிந்தபின் அலையின் பயணம் ஆராயப்பட்டது. இங்கிலாந்தில் பார்பர், அர்செல் என்னும் இருவர், கார்ன்வால் கரையில் கடலடியில் கருவி வைத்து அலைகளை அளந்தனர். முதலில் நீண்ட அலைகளும், பின்னர் படிப்படியாகக் குறுகிய அலைகளும் வந்து சேர்வதைக் கண்டு 1948ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஒரே புயலில் பிறந்த அலைகள் ஓட்டப்பந்தய வீரர்களைப் போலத் தத்தம் வேகத்துக்கேற்பப் பிரிந்து வருகின்றன என்பது இதனால் தெளிவாயிற்று.

இந்தப் பந்தயத்தைப் பெருங்கடலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பின்தொடர வால்ட்டர் மங்க் விரும்பினார். 1963ஆம் ஆண்டில் அவரும் அவருடைய குழுவினரும் நியூசிலாந்து, சமோவா, பால்மைரா, ஹவாய், அலாஸ்கா ஆகிய இடங்களில் கருவிகளை அமைத்தார்கள். தீவு இல்லாத வடபசிபிக் பகுதியில் ஃபிளிப் என்னும் விந்தைக் கப்பலை நிறுத்தினார்கள். 108 மீட்டர் நீளமுள்ள அக்கப்பல், பின்புறத்தில் நீரை நிரப்பியதும் கடலில் செங்குத்தாக நிமிர்ந்து நின்றது. அண்டார்ட்டிகாவுக்கு அருகே புயலில் பிறந்த அலைகள் 10,000 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து அலாஸ்காவை எட்டின. வழியில் நிலநடுக்கோட்டுக் காற்றுகள் அவற்றை அழித்துவிடும் என்று எதிர்பார்த்தார்கள். ஆனால் புயல் பகுதியைக் கடந்துவிட்ட நெட்டலை, அதன் பிறகு மிகச் சிறிதளவு வலிமையையே இழந்தது.

நேயர்களே, இதிலிருந்து ஓர் எளிய கணக்கு கிடைக்கிறது. இரண்டு அலைமுகடுகள் ஓரிடத்தைக் கடப்பதற்கு இடையே உள்ள நேரம் 18 விநாடி என்றால், அவ்வலைக்கூட்டம் ஆழ்கடலில் மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் செல்லும். இடைவெளி 12 விநாடி என்றால் வேகம் ஏறத்தாழ 33 கிலோமீட்டர். தஹீத்திக்குத் தெற்கே 4,000 கிலோமீட்டர் தொலைவில் இன்று ஒரு புயல் அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் அலைகள் மூன்று நாள் கடந்து தெயாஹூப்போவின் பாறைத்திட்டை அடையும். பின்வரும் அலைகள் ஐந்தாம் நாளில் அடையும். பிறந்துவிட்ட அலையை, அது வந்து சேருமுன்பே நாம் அறிந்துகொள்ள முடிகிறது.

பிறவாத அலையை என்ன செய்வது? அதே 1963ஆம் ஆண்டில் எட்வர்ட் லாரன்ஸ் என்னும் அமெரிக்க வானிலை அறிஞர் ஓர் ஆய்வுரையை வெளியிட்டார். தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு வேறுபாடும் நாளடைவில் முற்றிலும் மாறான வானிலையாக வளர்ந்துவிடும் என்று அவர் காட்டினார். பின்னர் நடந்த ஆய்வுகள், அன்றாட வானிலையை ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கு அப்பால் கணிப்பது அரிது என்று எல்லை வகுத்தன. புயலைக் கணிக்க முடியாதபோது அது பெறப்போகும் அலையை எவ்வாறு கணிப்பது?

எல்லைக்கு உட்பட்ட பகுதியில் மனித அறிவு வளரவே செய்தது. 1968, 1969ஆம் ஆண்டுகளில் ஜெர்மானிய அறிஞர் கிளாவுஸ் ஹாசல்மான் முதலியோர் வட கடலில் காற்று அலையை வளர்க்கும் விதத்தை அளந்தனர். 1985ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் ஷான் காலின்ஸ் என்பவர் அலைச்சறுக்கு வீரர்களுக்குத் தொலைபேசி வழியே அலைக்கணிப்பை வழங்கலானார். 1992ஆம் ஆண்டில் ஐரோப்பிய வானிலை நடுவம் உலகக் கடல்கள் அனைத்துக்கும் கணினி வழியாக நாள்தோறும் அலைக்கணிப்பு செய்யத் தொடங்கியது.

இவ்வளவு அறிவும் 2024ஆம் ஆண்டில் சோதனைக்கு உள்ளாயிற்று. பாரிஸ் ஒலிம்பிக் விளையாட்டின் அலைச்சறுக்குப் போட்டி தெயாஹூப்போவில் நடைபெற்றது. அலை வரும் நாளைப் பல மாதங்களுக்கு முன்பே சொல்ல இயலாது. ஆகவே அமைப்பாளர்கள் நீண்ட நாட்களை ஒதுக்கி வைத்துவிட்டு, அன்றன்று கடலைப் பார்த்து முடிவு செய்தார்கள். தென்கடலின் குளிர்காலமாகிய மே முதல் அக்டோபர் வரை பெரிய அலைகள் மிகுதி. பருவம் தெரியும், நாள் தெரியாது. போட்டி ஜூலை 27ஆம் நாள் தொடங்கியது. ஜூலை 29இல் மிகப் பெரிய அலைகள் வந்தன. அதன்பின் கடல்நிலை ஒத்துவராமல் போட்டி தள்ளித் தள்ளி வைக்கப்பட்டது. நல்ல நெட்டலை வந்தால் மட்டும் போதாது. தரையிலிருந்து கடலை நோக்கி மெல்லிய காற்று வீசினால் அலையின் முகம் கண்ணாடிபோல் நிற்கும். மராமு என்னும் வலிய தென்கிழக்குக் காற்று வீசினால் அது கலைந்துவிடும். அலையை ஒரு வாரம் முன்னதாகச் சொல்பவரும், அதன்மீது வீசப்போகும் காற்றைச் சில நாட்களுக்கு முன்புதான் உறுதியாகச் சொல்ல முடியும்.

ஆகஸ்ட் 5ஆம் நாள் இறுதிப்போட்டி. தஹீத்தியில் பிறந்து வளர்ந்த கவுலி வாஸ்ட் இரண்டு அருமையான அலைகளைப் பிடித்து 17.67 புள்ளிகள் பெற்றார். எதிர்த்து நின்ற ஆஸ்திரேலிய வீரர் ஜேக் ராபின்சனுக்கு ஓர் அலை மட்டுமே வாய்த்தது; 7.83 புள்ளிகளோடு இரண்டாவது நல்ல அலைக்காகக் காத்திருந்தார். கடல் அதனை அனுப்பவில்லை; நேரம் முடிந்தது. அலை வரும் நாளை அறிவியல் அறிந்திருந்தது. அது வரும் நிமிடம் கடலின் கையிலேயே இருந்தது.

மலாக்கா நீரிணைக் கரையில் வாழும் நம்மைச் சுமத்திராத் தீவு பெருங்கடல் அலைகளிலிருந்து மறைத்துக் காக்கிறது. தமிழகத்தின் தென்முனைக்கு அத்தகைய அரண் இல்லை. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் பிறக்கும் நெட்டலை, குமரிக்கும் கேரளத்துக்கும் நேரே வந்து சேர்கிறது. உள்ளூரில் காற்றும் மழையும் இல்லாத வெயில் நாளில் திடீரென்று பொங்குவதால் கேரள மீனவர் அதனைக் 'கள்ளக்கடல்' என்பர். 2024ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் ஹைதராபாத்திலுள்ள பெருங்கடல் தகவல் மையம் கள்ளக்கடல் எச்சரிக்கை விடுத்தது. அவ்வெச்சரிக்கை நடப்பிலிருந்த மே 6ஆம் நாள், குமரி மாவட்டக் கடற்கரை ஒன்றில் பயிற்சி மருத்துவர் ஐவர் அலையில் சிக்கி மாண்டனர். தெற்கே எங்கோ அடித்த புயலின் கணக்கு விஞ்ஞானிகளுக்குத் தெரிந்திருந்தது. கரையில் நின்றவர்களின் கண்ணுக்கோ தெளிந்த வானமே தெரிந்தது.

ஆகவே, வரும் வாரங்களின் கடலைப் பற்றி நாம் மூன்று வகையாக அறிந்துகொள்ளலாம். அடுத்த சில நாட்களில் வரவேண்டிய அலை ஏற்கெனவே பிறந்து நடந்துகொண்டிருக்கிறது. அதைப் பற்றிய எச்சரிக்கையை முழுமையாக நம்ப வேண்டும். அதற்கு அடுத்த வாரத்து அலைக்குரிய புயல் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கலாம். அதைப் பற்றிய செய்தியை நாள்தோறும் கேட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும். அதற்கும் அப்பால் பருவத்தின் இயல்பை மட்டுமே அறிய முடியும்.

வால்ட்டர் மங்க் 101 ஆண்டுகள் வாழ்ந்து 2019ஆம் ஆண்டில் மறைந்தார். போர்ப்படகுகளுக்காக அவர் தொடங்கிய கணக்கு, இன்று விளையாடும் இளைஞருக்கும் வலை வீசும் மீனவருக்கும் பயன்படுகிறது. அந்தக் கணக்கு கரையில் நிற்பவரின் காதுக்கு எட்டும்போதுதான் உயிரைக் காக்கும். கடற்கரைக்குச் செல்லும் நாளில், வானத்தைப் பார்த்ததோடு நின்றுவிடாமல் கடல் எச்சரிக்கையையும் கேட்டுச் செல்வோம். நம் பிள்ளைகளுக்கும் அதனைப் பழக்குவோம்.