டர்போ காரில் வேஸ்ட்கேட்டை எங்கே வைக்கணும்? இடம் தப்பானால் இன்ஜினே போயிடும்... ஏன் தெரியுமா?

காருக்கு டர்போ போட்டா பவர் கூடும். ஆனா அது அளவு மீறாமல் பார்த்துக்கொள்வது வேஸ்ட்கேட் என்ற வால்வுதான். அதை வைக்கும் இடம் தப்பானால், வால்வு முழுசா திறந்த பிறகும் பிரஷர் ஏறிக்கொண்டே போகும். இதற்குப் பெயர் 'பூஸ்ட் கிரீப்'.

வேஸ்ட்கேட் என்ன செய்கிறது?

இன்ஜினின் சூடான புகையை ஹெடர் குழாய்கள் ஒன்றுசேர்த்து டர்போவுக்கு அனுப்பும். புகை டர்பைனைச் சுழற்ற, அதே தண்டில் இருக்கும் கம்ப்ரசர் காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும். குறித்த பிரஷர் வந்ததும் வேஸ்ட்கேட் திறந்து, கூடுதல் புகையை டர்பைன் பக்கம் போகவிடாமல் திருப்பிவிடும்.

எந்த இடம் சரி?

எல்லா சிலிண்டர்களின் புகையும் சேரும் 'கலெக்டர்' பகுதிதான் சரியான இடம். வேஸ்ட்கேட் குழாய், புகை ஓடும் திசையிலேயே சாய்வாகப் பிரியணும். 90 டிகிரியில் வைத்தால் வேகமாக வரும் புகை அந்தப் பக்கம் சரியாகத் திரும்பாது. பெரும்பகுதி நேரே டர்பைனுக்கே போகும். ஒரே ஒரு சிலிண்டரின் குழாயில் வைத்தாலும் இதே சிக்கல்தான்.

ட்வின்-ஸ்க்ரோல் டர்போவில் புகை இரண்டு தனி வழிகளில் வரும். அப்போ இரண்டு வழியில் இருந்தும் வேஸ்ட்கேட்டுக்குப் பாதை வேணும்.

குறைந்த பூஸ்ட்டுக்கு சின்ன வேஸ்ட்கேட் போதுமா?

போதாது. பூஸ்ட் குறைவாக இருக்கணும் என்றால், அதிகப் புகையை வெளியே விடணும். அதனால் பெரிய வேஸ்ட்கேட்தான் தேவை.

மஸ்டா ஆர்எக்ஸ்-7 சொல்லும் பாடம்

1991-ல் அறிமுகமான மூன்றாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7, ஜப்பானின் ரோட்டரி இன்ஜின் கார். பலர் இதில் அடைப்பில்லாத சைலன்சர், குழாய்களைப் பொருத்தினார்கள். டர்பைனுக்குப் பின்னால் தடை குறைந்ததும் டர்போ வேகமாகச் சுழன்றது. கம்பெனி கொடுத்த சின்ன வேஸ்ட்கேட் துளையால் சமாளிக்க முடியாமல் பூஸ்ட் ஏறியது. அந்தத் துளையைப் பெரிதாக்குவதுதான் இதற்குத் தீர்வானது.

பூஸ்ட் ஏறினால் என்ன ஆகும்?

பெட்ரோல் கலவை நேரம் தப்பி வெடிக்கும். இதுதான் 'நாக்கிங்'. சாதாரண இன்ஜினில் பிஸ்டன் உடையலாம். ரோட்டரியில் அபெக்ஸ் சீல் நொறுங்கலாம்.

ஹெடரில் கவனிக்க வேண்டியவை

குட்டையான குழாய்களில் சூடு வீணாகாது, டர்போ சீக்கிரம் எழும்பும். ரோட்டில் ஓட்டும் காருக்கு இதுவே வசதி. டர்போவின் எடையைத் தாங்க தனி பிராக்கெட் வேணும். இல்லாட்டி வெல்டிங்கில் விரிசல் விழும்.

பொருத்தியதும் குறைந்த பூஸ்ட்டில் சோதிக்கணும். ஆர்பிஎம் கூடும்போது பூஸ்ட் மீட்டர் முள்ளும் நிற்காமல் ஏறினால், உடனே ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்துடணும்.