வயிர மோதிரமும் பழவேற்காட்டு வாணிகமும்



மணவினைக்கு முன்னர் நிகழும் உறுதிச் சடங்கில் வெற்றிலை பாக்கு மாற்றுதலும் பரியம் இடுதலுமே நம் முன்னோர் கொண்ட வழக்கமாம். ஊர்ப் பெரியோர் நடுவிருக்க, இருவீட்டாரும் தட்டு மாற்றிக்கொண்ட அப்பொழுதே வாக்கு நிலைபெற்றதாகக் கொள்ளப்பட்டது. இற்றை நாளிலோ, மணமக்கள் ஒருவர்க்கொருவர் மோதிரம் இடுதலும், பெண்ணுக்கு இடும் மோதிரத்தில் வயிரக்கல் ஒன்று பதித்திருத்தலும் வேண்டுமென்னும் புது வழக்கம் நம் குப்பங்களிலும் புகுந்துவிட்டது. அதனைப் பொன்னேரியிலோ சென்னைத் தங்கசாலைத் தெருவிலோ உள்ள கடையில் நேரிற் கண்டு வாங்குதல் நன்றோ, கைப்பேசியின் வாயிலாக இணைய அங்காடியிலிருந்து வருவித்தல் நன்றோ என்று நம்மவருட் பலர் என்னை வினவுகின்றனர். யான் பொன் வாணிகன் அல்லேன். பள்ளிச் சிறாருக்குத் தமிழ் கற்பிப்பவன். ஆயினும், நாம் வாழும் இப்பழவேற்காட்டுக் கரையும் இதனைச் சூழ்ந்த நாடும் ஒரு காலத்தில் உலகிற்கு வயிரம் அளித்த வாணிகத்தோடு தொடர்புற்றிருந்தமையின், அவ்வரலாற்றிலிருந்தே இவ்வினாவிற்கு விடை தேடலாமென்று துணிந்தேன்.

இதற்கு என்னைத் தூண்டியது என் உறவின் முறையில் நேர்ந்த நிகழ்ச்சி ஒன்று. சென்ற ஆண்டு தைத் திங்களில் என் தமக்கையார் மகனுக்கு உறுதி நடந்தது. படகுத் தொழில் செய்யும் என் மைத்துனர், தம் வீட்டுச் சங்கிலியை அடகு வைத்து, 62,000 ரூபாய் கொடுத்து, மருமகளாய் வரவிருந்த பெண்ணுக்கென வயிர மோதிரம் ஒன்றை இணைய வழியே வருவித்தார். சபையிற் கண்டோர் யாவரும் வியந்தனர். வியந்தவருள் யானும் ஒருவன். மாசியில் மணம் முடிந்தது. சித்திரையில், ஏப்ரல் 15 முதல் 61 நாள் நீளும் மீன்பிடித் தடைக்காலம் வந்தது. சங்கிலியோ முன்னரே அடகிற் கிடந்தது. அப்புது மருமகள் ஒருவரும் கேளாமலே தன் மோதிரத்தைக் கழற்றி மாமனார் கையிற் கொடுத்தாள். அடகு பிடிப்பவர் கல்லின் எடையைத் தள்ளிப் பொன்னை மட்டும் மதித்தார். வாங்கிய விலையில் நாலில் ஒரு பங்குதானும் கடனாகக் கிடைத்திலது.

அன்று மாலை அப்பெண் மோதிரத்தோடு வந்திருந்த ஆங்கிலத் தாளொன்றை என்னிடம் கொணர்ந்து, "இதில் என்ன எழுதியிருக்கிறது மாமா? படித்துச் சொல்லுங்கள்" என்றாள். அக்கல் நிலத்தினின்றும் அகழ்ந்தெடுத்ததன்று, ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்பட்டது என்று அதில் தெளிவாக அச்சிடப்பட்டிருந்தது. விற்றவர் மறைத்திலர், வாங்கினவர் படித்திலர், படிக்கத் தெரிந்த யானோ, "தாளைக் காட்டுங்கள்" என்று ஒரு வார்த்தை கேட்டிலேன். அவ்வருத்தமே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

நிற்க. இனி வரலாற்றை நோக்குவோம்.

பிரேசில் நாட்டில் 1720ஆம் ஆண்டுகளில் வயிரம் வெளிப்படும் வரையில், ஐரோப்பியர் அணிந்த வயிரத்திற்குப் பிறப்பிடமாய் விளங்கியது பெரும்பாலும் நம் இந்தியாவே. அதனுள்ளும் கோல்கொண்டா அரசுக்குட்பட்டுக் கிருஷ்ணையாற்றின் தென்கரையில் இருந்த கொல்லூர்ச் சுரங்கம் மிகப் புகழ் வாய்ந்தது. அந்நாட்டுத் துறைகளையும் நம் கரையையும் நாடிப் பிறநாட்டு வணிகர் வந்தனர். ஒல்லாந்தர் 1613ஆம் ஆண்டில் பழவேற்காட்டில் ஜெல்டிரியாக் கோட்டையை எடுத்தனர். 1690ஆம் ஆண்டில் நாகப்பட்டினத்திற்கு மாற்றும் வரையில் சோழமண்டலக் கரையில் அவர்தம் தலைமையிடம் இதுவே. இங்கே அவர்கள் பொற்காசு அடித்தனர், துணி வாங்கினர், வயிரமும் வாங்கினர், நம் நாட்டு ஏழை மக்களை அடிமைகளாக விலைகொண்டு கப்பலேற்றவுஞ் செய்தனர் என்பதை நாம் மறத்தற்கில்லை.

தவேர்னியர் என்னும் பிரெஞ்சு நாட்டு மணி வணிகர் 1652ஆம் ஆண்டில் இவ்வூருக்கு வந்தார். இவரே பின்னர்ப் பதினான்காம் லூயி மன்னனுக்கு நீலநிற வயிரமொன்றை விற்றவர். கடல்நீர் வற்றுங்கால் இவ்வூரார் மணலைக் கையால் தோண்டிக் குடிநீர் எடுத்ததைக் கண்டு வியந்து தம் நூலில் எழுதியுள்ளார். ஊற்றுத் தோண்டிக் குடம் நிரப்பிய நம் பாட்டியர் இதனைக் கேட்டால் நகைப்பர். அவர்க்கு அது நாட்கடன், அயலார்க்கோ அதிசயம்.

அவர் சுரங்கத்தூர்களில் வயிரம் விற்கும் முறையை எழுதியிருப்பது நமக்கு மிகவும் பயன்படுவது. காலையில் ஊர்நடுவே ஒரு பெருமரத்தின் கீழ், பத்து முதல் பதினாறு வயதுவரையுள்ள வணிகச் சிறுவர் கூடியிருப்பராம். ஒருபுறம் எடைக்கற்கள் உள்ள பையும், மறுபுறம் பொன் வராகன் உள்ள பையும் இடையிலே தொங்கும். எவரேனும் கல் கொணர்ந்தால், அதனைச் சிறுவருள் மூத்தவன் கையிற் கொடுப்பர். அவன் பார்த்து அடுத்தவனுக்குத் தருவான். இங்ஙனம் அது கைம்மாறிக் கைம்மாறி, ஒருவரும் வாய்திறவாமல், மீண்டும் மூத்தவனிடமே வந்து சேரும். அதன் பின்னரே அவன் விலை கேட்பான். தன் மதிப்பில் தவறி மிகுவிலைக்கு வாங்கினால் அந்நட்டம் அவனையே சாரும். பலர் கண் பட்ட பின்னரே ஒரு கல்லுக்கு விலை பேசினர் என்பதை ஈண்டு நினைவிற் கொள்க.

பெருவணிகர் விலை பேசும் முறையோ வேறு. இருவர் எதிரெதிரே அமர்ந்து, துணி மறைவில் ஒருவர் கையை ஒருவர் பற்றுவர். முழுக்கையைப் பற்றினால் ஆயிரம், ஐந்து விரலைப் பற்றினால் ஐந்நூறு, ஒரு விரலைப் பற்றினால் நூறு, விரலின் நடுக்கணு வரையில் பற்றினால் ஐம்பது, நுனியைப் பற்றினால் பத்து என்பது அவர் குறி. நம் மாட்டுச் சந்தைகளில் தரகர் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுதலைக் கண்டவர்க்கு இது புதிதன்று. கரையில் நம் மீன் ஏலம் போவதோ எல்லார் காதிலும் விழுமாறு. மீனுக்கு ஒருநாள் விலையே உண்டு; அதனை மறைத்து ஆவதொன்றில்லை. வயிரத்திற்கு அங்ஙனம் யாவரும் அறிந்த விலையின்மையின், துணி மறைவு அன்றே வேண்டப்பட்டது.

எடையிலும் இடர்ப்பாடு இருந்தது. நம் பொற்கொல்லர் ஆண்ட மஞ்சாடியையே ஐரோப்பியர் 'மாங்கலின்' என்று திரித்து வயிர எடைக்கு வழங்கினர். அவ்வெடை ஊருக்கு ஊர் வேறுபட்டது. 1907ஆம் ஆண்டிலேதான் ஒரு காரட்டு 200 மில்லிகிராம் என்று வரையறுத்தனர். இக்காலத்தும் ஒரு மயக்கம் நீங்கிற்றில்லை. வயிரத்திற்குக் காரட்டு என்பது எடை. பொன்னுக்கோ அது மாற்று. "அரைக் காரட்டு வயிரம், 18 காரட்டுப் பொன்" என்று கேட்பவர் ஒரே அளவைப் பேச்சென்று எண்ணி மயங்குகின்றனர்.

கல் வந்த வழிக்குச் சான்றில்லாமையால் விளைந்த இடர்க்குச் சென்னையிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1702ஆம் ஆண்டில் சென்னைக் கோட்டைத் தலைவராயிருந்த தாமஸ் பிட் என்பவர், ஜம்சந்து என்னும் வணிகரிடமிருந்து 410 காரட்டு எடையுள்ள தீட்டாத வயிரமொன்றை வாங்கினார். ஜம்சந்து முதலிற் கேட்டது இரண்டு லட்சம் வராகன். இறுதியில் முடிந்தது 48,000 வராகன். 1717ஆம் ஆண்டில் அக்கல், பட்டை தீட்டப்பட்ட பின்னர், பிரான்சு நாட்டு அரசப் பிரதிநிதிக்குப் பெருவிலைக்கு விற்கப்பட்டது. இன்றும் அது பாரிசிலுள்ள லூவர் மாளிகையின் தொகுப்பைச் சேர்ந்ததே. ஆயினும், அவர் அதனை வன்முறையாற் பறித்தார் என்னும் பழிச்சொல் ஊரெங்கும் பரவியது. 1710ஆம் ஆண்டில் நார்வே நாட்டுப் பெர்கன் நகரில் இருந்தபொழுது, யான் அறநெறியிலேயே வாங்கினேன் என்று ஆணையிட்டு எழுதிவைக்கும் நிலைமை அவருக்கு நேர்ந்தது. கோட்டைத் தலைவர்க்கே இது நேருமாயின், நம்மனோர்க்குச் சொல்லவும் வேண்டுமோ?

நம் தமிழ்நூலும் இதனையே உணர்த்தும். சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் மதுரை மணிக்கடைத் தெருவைக் கூறுமிடத்து, களங்கம், ஏகை, விந்து, காகபாதம் என்னும் வயிரக் குற்றங்களை இளங்கோவடிகள் எடுத்தோதுகின்றார். இத்துணை நுட்பமாகக் குற்றம் ஆயும் வணிகர் வாழ்ந்த அந்நகரிலேதான், கோவலன் தெருவில் எதிர்ப்பட்ட பொற்கொல்லன் ஒருவனை நம்பிச் சிலம்பைக் காட்டி உயிரிழந்தான். உள்ளிருப்பது மாணிக்கமா முத்தா என்று உடைத்துக் காணும் சோதனை, உயிர் போன பின்னரே நிகழ்ந்தது. சோதனை முன்னரும் கொடுத்தல் பின்னரும் ஆதல் வேண்டும் என்பதே அக்காப்பியம் நமக்குத் தரும் பாடங்களுள் ஒன்று.

இனி, உறுதிக்கு வயிர மோதிரம் இடும் வழக்கம் யாண்டுத் தோன்றியது? 1477ஆம் ஆண்டில் ஆஸ்திரிய இளவரசர் மாக்சிமிலியன், பர்கண்டி நாட்டு மேரிக்கு அணிவித்ததை முதன்மையாகச் சொல்வர். அது அரசர் குலத்தளவில் நின்ற வழக்கம். தென்னாப்பிரிக்காவில் 1870ஆம் ஆண்டுகளில் வயிரம் மிகுதியாக எடுக்கப்பட்ட பின்னர், அதனை விற்கவேண்டிய டிபீர்ஸ் கழகத்தார், வயிரமும் காதலும் ஒருசேர அழியாதன என்னும் பொருள்படும் விளம்பரச் சொல்லை 1947ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்காவிற் பரப்பினர். அவ்விளம்பரத்தின் அலையே பல்லாண்டு கழித்து நம் ஏரிக்கரையை எட்டியது. ஆகவே, இது நம் குலவழக்கமும் அன்று, சாத்திரமும் அன்று. இதனை விடுதலால் ஒருவர்க்கும் இழுக்கில்லை.

இங்ஙனமாயினும், விரும்பி வாங்குவாரை யான் தடுப்பவன் அல்லேன். எங்கே வாங்குவதென்பதே வினா. ஊர்க்கடையில் கல்லைக் கையிலெடுத்துக் காணலாம். பெரியோரை உடனழைத்துச் செல்லலாம். மோதிரம் இறுகினாலும் தளர்ந்தாலும் அக்கடைக்கே மீளலாம். ஆனால், அங்கே இருப்பவை சில கற்களே. பல கடைகளிற் சான்றிதழ் கேட்டால் முகஞ்சுளிப்பர். என்னுடன் பணிபுரியும் ஆசிரியர் ஒருவருக்கு ஒரு கடையிற் கல்லின் எடையையும் பொன்னோடு சேர்த்தே விலைபோட்டனர் என்பதை யான் பட்டியைப் படித்துக் கண்டேன். இணைய அங்காடியில் ஆயிரம் கற்களை ஒப்பிடலாம். விலை துணி மறைவின்றி அச்சிட்டிருக்கும். சான்றிதழும் பெரும்பாலும் உண்டு. ஆனால், கல்லைக் காணும் முன்னரே பணம் கைவிட்டுப் போகின்றது. தாள் முழுதும் ஆங்கிலத்தில் உள்ளது.

பழைய காலத்தவர்க்குக் கண்ணே சான்று. அவர்கள் இரவில் சுவர்மாடத்தில் தடித்த திரியிட்ட விளக்கை ஏற்றிக் கல்லின் நீரோட்டத்தைக் கண்டனர் என்பர் தவேர்னியர். இக்காலத்திலோ கண் மட்டும் போதாது. 1954ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜெனரல் எலக்டிரிக் கழகத்தார் ஆய்வுக்கூடத்தில் வயிரம் உண்டாக்கினர். இன்று அங்ஙனம் வளர்த்த கல்லும் அகழ்ந்த கல்லும் பொருளால் ஒன்றே; விலையாலோ பெரிதும் வேறு. கடைக்காரர் கையிலுள்ள சிறு சோதனைக் கருவி இரண்டையும் பிரித்துக் காட்டாது. ஆகவே, நேரிற் கண்டேன் என்பதும் காப்பன்று. தொலைவில் வாங்கினேன் என்பதும் குற்றமன்று. வாங்குவோன், விற்போன் இருவரையும் சாராத மூன்றாமவர் சான்றே காப்பு.

ஆதலின் யான் கூறுவன இவை. முதலாவது, ஜி.ஐ.ஏ., ஐ.ஜி.ஐ. முதலிய சோதனைக் கழகத்தார் சான்றிதழின்றி வயிரம் வாங்கற்க. அத்தாளிலுள்ள எண்ணை அக்கழகத்தார் இணையப் பக்கத்தில் ஒப்பிடுக. கல்லின் விளிம்பில் எண் பொறித்திருப்பின் உருப்பெருக்கியாற் காண்க. அகழ்ந்ததா வளர்த்ததா என்பதை முதலிற் படிக்க. இரண்டாவது, பொன்னில் இந்தியத் தர முத்திரையும் ஆறு எழுத்தும் எண்ணுமாகிய அடையாளக் குறியும் உண்டோ என்று நோக்குக. மூன்றாவது, பொன்னின் எடை, கல்லின் எடை, கூலி ஆகிய மூன்றையும் தனித்தனியே பட்டியில் எழுதுவித்துக்கொள்க. நான்காவது, திருப்பிக் கொடுக்கும் நாளெல்லையை எழுத்தில் அறிந்துகொண்டு, அதற்குள் வேறொருவரிடம் சோதிப்பிக்க. ஐந்தாவதும் தலையாயதும் இது: வயிரம் அடகிற்கு உதவாது, மறுவிற்பனையிலும் பெரிதும் விலை குறையும், ஆதலின் பொன்னை அடகு வைத்துக் கல்லை வாங்கற்க. தடைக்காலத்தில் அடுப்பெரிக்க உதவுவது பொன்னே.

நம் ஏரியில் எவர் எந்நாளில் எவ்விடத்தில் வலையிடுவதென்னும் பாட்டு முறையை ஊரார் கூடி, எல்லாருமறிய வகுத்துக்கொள்வது நம் மரபு. அதனை ஒருவரும் துணி மறைவில் முடிப்பதில்லை. மணவுறுதியும் சபையறிய நிகழ்வதே. அச்சபையிற் புகும் மோதிரம் மட்டும் ஏன் படியாத தாளோடு புகவேண்டும்? நம் குலத்துப் படித்த பிள்ளைகள் இனித் தம் வீட்டுப் பெரியோர் பணம் கொடுக்குமுன் அத்தாளைத் தமிழிற் படித்துச் சொல்வாராக. பெரியோரும் தயங்காது கேட்பாராக.

என் மருமகனின் மனைவி அம்மோதிரத்தை இன்னும் அணிந்திருக்கின்றாள். தையில் அடகு வைத்த சங்கிலியை ஐப்பசியில் மீட்டனர். அவள் என்னிடம் அன்று கொணர்ந்த தாளை, எங்கள் குப்பத்தில் அடுத்து உறுதி நடக்கவிருக்கும் வீடுதோறும் காட்டி வருகின்றேன். அதனைக் கண்டவருள் ஒரு வீட்டார், கல்லில்லாத பொன்மோதிரமே போதுமென்று முடிவு செய்தனர். அவ்வுறுதியிலும் வெற்றிலை பாக்கு மாறியது, வாக்கும் நிலைபெற்றது.