நஞ்சுக்கொடி ஸ்டெம் செல்கள்: மரபணுச் செயல்பாட்டு மாற்றங்கள்

நஞ்சுக்கொடியை உருவாக்கும் மூலச் செல்களே நஞ்சுக்கொடி ஸ்டெம் செல்கள். அறிவியலாளர்கள் இவற்றை ட்ரோபோபிளாஸ்ட் ஸ்டெம் செல்கள் என்கிறார்கள். கருவுற்ற முட்டை சில முறை பிளந்து, நீர் நிறைந்த சிறு கோளமாகும்போது அதன் செல்கள் இரு கூட்டமாகப் பிரிகின்றன. உள்ளே திரண்டிருக்கும் கூட்டத்திலிருந்து குழந்தை வளர்கிறது. வெளியே சூழ்ந்த ஒற்றை அடுக்கிலிருந்து நஞ்சுக்கொடியின் பெரும்பகுதி வளர்கிறது. பாலூட்டியின் வாழ்வில் செல்கள் எடுக்கும் முதல் முடிவு இதுவே. வெளியடுக்கின் வழிவந்த ஸ்டெம் செல்கள் தம்மைத்தாமே பெருக்கிக்கொள்ளும். பிறகு ஹார்மோன் சுரக்கவும், சத்துகளைக் கடத்தவும், தாயின் ரத்தக்குழாய்களை ஊடுருவவும் தகுந்த செல்களாக மாறும். இம்மாற்றம் முழுவதிலும் மரபணுத் தொகுதி அதேதான். எந்த மரபணு எப்போது இயங்குகிறது, எப்போது ஓய்கிறது என்ற ஒழுங்கே ஒவ்வொரு செல்லின் தொழிலையும் தீர்மானிக்கிறது. அந்த ஒழுங்கைப் படித்தறிய ஒரு நூற்றாண்டுக்கும் மேலாயிற்று.

தொடக்ககால ஆய்வுகள்

டச்சுக் கருவியலாளர் ஆம்ப்ரோசியஸ் ஹூப்ரெக்ட், முள்ளெலிகளின் கருவை ஆராய்ந்து 1889இல் வெளியிட்ட கட்டுரையில், கருவின் வெளியடுக்குக்கு ட்ரோபோபிளாஸ்ட் என்று பெயரிட்டார். அதற்குப் பின் பல பத்தாண்டுகள் நுண்ணோக்கியில் தெரிந்த வடிவங்களை விவரிப்பதே சாத்தியமாக இருந்தது. 1968இல் ரோலண்ட் பேட்டிலோவும் ஜார்ஜ் கையும் மனித நஞ்சுக்கொடிப் புற்றிலிருந்து, ஹார்மோன் சுரக்கும் ஒரு செல் வரிசையை ஆய்வகத்தில் வளர்த்தனர். பெவோ எனப்படும் இவ்வரிசை இன்றும் ஆய்வகங்களில் பயன்படுகிறது. ஆனால் புற்றுச்செல்லைக் கொண்டு இயல்பான வளர்ச்சியின் ஒழுங்கை முழுதாக அறிய முடியாது.

திருப்பம் தந்தவர் இங்கிலாந்தின் ரிச்சர்ட் கார்ட்னர். 1970களில் சுண்டெலிக் கருக்களில் அவர் செய்த நுண்ணறுவைகள் ஒரு வேறுபாட்டைக் காட்டின. உள்செல் திரளை ஒட்டியிருந்த வெளியடுக்குச் செல்கள் தொடர்ந்து பெருகின. அதிலிருந்து விலகியிருந்தவை பெருகுவதை நிறுத்தி, பருத்த ராட்சதச் செல்களாயின. குழந்தையாகப் போகும் திரளிலிருந்து ஏதோ ஒரு சமிக்ஞை வந்து, நஞ்சுக்கொடிச் செல்களை இளமையாக வைத்திருக்கிறது என்பது இதனால் புலப்பட்டது. அந்தச் சமிக்ஞை எது என்ற கேள்வி கால் நூற்றாண்டு விடையின்றி நின்றது.

1998: டொராண்டோ கண்டுபிடிப்பு

விடை கனடாவிலிருந்து வந்தது. டொராண்டோவில் ஜேனட் ரோசன்ட்டின் ஆய்வகத்தில் சதோஷி தனகாவும் சக ஆய்வாளர்களும், எஃப்ஜிஎஃப்4 என்ற வளர்ச்சிக் காரணியே அந்தச் சமிக்ஞை என்று காட்டினர். அதனுடன் ஹெப்பாரினையும், கருவின் நார்த்திசுச் செல்கள் வளர்ந்த ஊடகத்தையும் சேர்த்தபோது சுண்டெலி ட்ரோபோபிளாஸ்ட் செல்கள் கிண்ணத்தில் தொடர்ந்து பெருகின. 1998இல் சயின்ஸ் இதழில் இது வெளியாயிற்று. இச்செல்களை வேறொரு சுண்டெலிக் கருவில் செலுத்தியபோது அவை நஞ்சுக்கொடித் திசுக்களில் மட்டுமே இடம்பிடித்தன. குட்டியின் உடலில் சேரவில்லை.

மரபணுச் செயல்பாட்டு ஆய்வுக்கு இது பெரிய வாய்ப்பாக அமைந்தது. எஃப்ஜிஎஃப்4ஐ நிறுத்தினால் போதும், செல்கள் தாமாகவே வேறுபாடடையத் தொடங்கும். நாள்தோறும் தூது ஆர்என்ஏவை எடுத்து அளந்தால், எது தணிந்தது, எது எழுந்தது என்று வரிசையாகப் பார்க்கலாம். முதலில், ஸ்டெம் நிலைக்குரிய சிடிஎக்ஸ்2, இயோமீஸ், இஎஸ்ஆர்ஆர்பி ஆகிய மரபணுக்கள் தணிகின்றன. இடைக்கட்டச் செல்களுக்குரிய டிபிபிபிஏ பிறகு எழுகிறது. ராட்சதச் செல்களின் அடையாளமான, நஞ்சுக்கொடி லாக்டோஜன் ஹார்மோனுக்குரிய மரபணு அதையடுத்து இயங்குகிறது.

இளமையைக் காக்கும் வலைப்பின்னல்

2000ஆம் ஆண்டில் இயோமீஸ் இல்லாத சுண்டெலிக் கருக்களின் ட்ரோபோபிளாஸ்ட் வளராமல் நின்றுவிடுவது தெரியவந்தது. 2005இல் ஜப்பானின் ஹிதோஷி நிவாவின் குழு, உள்செல் திரளுக்குரிய ஆக்ட்3/4உம் வெளியடுக்குக்குரிய சிடிஎக்ஸ்2உம் ஒன்றையொன்று அடக்குவதை விளக்கியது. எது மேலோங்குகிறதோ அதன் பாதையில் செல் செல்கிறது.

முடிவு எடுத்தபின் அது ஏன் மாறுவதில்லை? இதற்கு 2008இல் கேம்பிரிட்ஜின் பாப்ரஹாம் நிறுவனத்தில் மிரியம் ஹெம்பெர்கரின் குழு விடை கண்டது. எல்ஃப்5 என்ற மரபணு, குழந்தையாகப் போகும் செல்களில் மெத்தில் குழுக்கள் ஒட்டியிருப்பதால் அடங்கிக் கிடக்கிறது. ட்ரோபோபிளாஸ்ட் ஸ்டெம் செல்களில் அந்தப் பூட்டு இல்லை. அங்கே அது இயங்கி, சிடிஎக்ஸ்2, இயோமீஸ் ஆகியவற்றைத் தாங்கிப் பிடிக்கிறது. 2015இல் இதே குழு இன்னும் நுட்பமான செய்தியைச் சொன்னது. எல்ஃப்5 அளவோடு இருக்கும்போது இயோமீஸுடன் சேர்ந்து ஸ்டெம் நிலையைக் காக்கிறது. அதன் அளவு கூடும்போது டிஎஃப்ஏபி2சி என்ற மற்றொரு காரணியுடன் சேர்ந்து வேறுபாடடைதலைத் தூண்டுகிறது. ஆகவே ஒரு மரபணு இயங்குகிறதா என்று கேட்டால் போதாது. எவ்வளவு இயங்குகிறது, எதனுடன் சேர்கிறது என்றும் கேட்க வேண்டும்.

பிரியும் பாதைகள்

சுண்டெலியில் ராட்சதச் செல்லாகும் பாதையை ஹேண்ட்1 மரபணு நடத்துகிறது. இச்செல்கள் பிளவுறாமலேயே டிஎன்ஏவைத் திரும்பத் திரும்பப் படியெடுத்து, வழக்கமான அளவைவிடப் பல நூறு மடங்கு சேர்த்துக்கொள்கின்றன. எஃப்ஜிஎஃப்4 நின்றதும் பி57 என்ற புரதம் உருவாகி, செல் பிளவுக்குத் தேவையான சிடிகே1 நொதியை முடக்குவதே இதற்குக் காரணம் என்று 2008இல் தெரிந்தது.

சத்துகளைக் கடத்தும் பகுதியை அமைப்பது ஜிசிஎம்1. கோரியான் என்னும் தட்டையான அடுக்கில் ஆங்காங்கே சிறு கூட்டங்களில் இது முதலில் இயங்கத் தொடங்கும். சரியாக அதே இடங்களில் அடுக்கு மடிந்து கிளைவிடத் தொடங்குகிறது. ஜிசிஎம்1 இல்லாத கருவில் கோரியான் தட்டையாகவே நின்றுவிட, பத்தாம் நாளளவில் கரு இறக்கிறது. 2000ஆம் ஆண்டில் வெளியான இந்த ஆய்வு, ஓர் உறுப்பின் வடிவமே ஒரு மரபணு எந்த இடத்தில் விழிக்கிறது என்பதைப் பொறுத்தது என நிறுவியது.

இப்பாதையின் இறுதியில் செல்கள் ஒன்றோடொன்று இணைந்து, பல உட்கருக்கள் கொண்ட ஒரே படலமாகின்றன. இணைக்கும் சின்சிட்டின் புரதம், நம் மூதாதையரின் மரபணுத் தொகுதியில் புகுந்து தங்கிவிட்ட ரெட்ரோவைரஸின் உறைப்புரதம் என்று 2000இல் கண்டறியப்பட்டது. சுண்டெலிகள் வேறு வைரஸ்களிடமிருந்து தமக்கான சின்சிட்டின்களைப் பெற்றுள்ளன. அவற்றில் குறிப்பிட்ட ஒன்றை நீக்கினாலே கரு பிழைப்பதில்லை என்று 2009இல் தியரி ஹைட்மானின் குழு காட்டியது.

மனிதச் செல்கள்

சுண்டெலியில் வெற்றிபெற்ற முறை மனிதச் செல்களிடம் பலிக்கவில்லை. எஃப்ஜிஎஃப்4 அவற்றைப் பெருக்கவில்லை. 20 ஆண்டுகள் கழித்து, 2018இல் ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழகத்தில் ஹிரோவாகி ஒகாயே, தகஹிரோ அரிமா ஆகியோரின் குழு வழி கண்டது. இஜிஎஃப் வளர்ச்சிக் காரணியைச் சேர்த்து, டபிள்யூஎன்டி சமிக்ஞையைத் தூண்டி, டிஜிஎஃப்-பீட்டா சமிக்ஞையைத் தடுத்தபோது மனித நஞ்சுக்கொடி ஸ்டெம் செல்கள் நீண்டகாலம் பெருகின. அதே ஆண்டில் கேம்பிரிட்ஜிலும் வியன்னாவிலும் ஆர்கனாய்டுகள் எனப்படும் முப்பரிமாண நஞ்சுக்கொடிச் சிறு மாதிரிகள் உருவாக்கப்பட்டன.

மனித ஸ்டெம் செல்களில் டிபி63, டிஇஏடி4, ஜிஏடிஏ3 ஆகியவை முன்னிற்கின்றன. சுண்டெலியில் இன்றியமையாத இயோமீஸ் இங்கே காணப்படுவதில்லை. இவை வேறுபாடடையும்போது இரு முக்கியப் பாதைகள் உண்டு. ஒன்றில் செல்கள் இணைந்து படலமாகி, ஹெச்சிஜி ஹார்மோனுக்குரிய மரபணுக்களை இயக்குகின்றன. வீட்டில் செய்யும் கர்ப்பப் பரிசோதனையில் கோடாகத் தெரிவது இந்த ஹார்மோன்தான். மற்றொன்றில் செல்கள் ஹெச்எல்ஏ-ஜி மரபணுவை இயக்கி, தாயின் கருப்பைச் சுவருக்குள் ஊடுருவி, அங்குள்ள சுருள் தமனிகளை அகலமாக்குகின்றன. இந்த இரண்டாம் பாதையில், டிஎன்ஏவும் புரதங்களும் சேர்ந்த குரோமாட்டின் பெருமளவு மறுசீரமைவதையும், ஏஎஸ்சிஎல்2 மரபணு அதில் முக்கியப் பங்கு வகிப்பதையும் அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் மைக்கேல் சோரெஸின் குழு விளக்கியது.

மருத்துவ முக்கியத்துவம்

ஊடுருவல் போதாமல் போனால் சுருள் தமனிகள் குறுகியே இருந்து, நஞ்சுக்கொடிக்குப் போதிய ரத்தம் கிடைக்காது. கர்ப்பிணிகளின் ரத்த அழுத்தத்தை ஆபத்தான அளவுக்கு உயர்த்தும் பிரிஎக்ளாம்சியாவுக்கும், குழந்தையின் வளர்ச்சி குன்றுவதற்கும் இது முக்கியக் காரணம். அறிகுறிகள் கர்ப்பத்தின் பிற்பாதியில் தெரிந்தாலும், பிழை முதல் சில மாதங்களிலேயே நிகழ்ந்திருக்கும். அந்த மாதங்களில் நஞ்சுக்கொடியை நேரில் ஆராய்வது கடினம் என்பதால், ஆய்வகத்தில் வளரும் ஸ்டெம் செல்களே அதற்கு இன்று சிறந்த மாதிரி.

கருவிலேயே மாளும் 103 மரபணுத் திரிபுச் சுண்டெலி வரிசைகளை ஆராய்ந்து 2018இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு, கர்ப்பத்தின் நடுப்பகுதியிலோ அதன் பின்னரோ கரு மாளும் வரிசைகளில் 68 விழுக்காட்டில் நஞ்சுக்கொடி குறையுடன் இருந்ததைக் காட்டியது. இக்குறைகள் இதயம், மூளை ஆகியவற்றின் குறைகளோடு சேர்ந்தும் தோன்றின. பிரசவம் முடிந்ததும் கழிவாகவே கருதப்பட்ட ஓர் உறுப்பு, குழந்தையின் நலத்தில் எவ்வளவு பங்கு வகிக்கிறது என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை. கருவின் குறை ஒன்றுக்குக் காரணம் தேடும் எவரும் குழந்தையின் செல்களோடு நஞ்சுக்கொடியின் செல்களையும் ஆராய வேண்டும் என்பதே இத்துறை இன்று வலியுறுத்தும் பாடம்.