ஜூரியும் அசெசரும்: வடசென்னையில் குடிமக்கள் நீதியின் தடம்

ராயபுரம் செமட்ரி ரோட்டில் ஒரு வீட்டில் 1952 ஆகஸ்ட் 28 அன்று ஒரு கொலை நடந்தது. தலையில்லாத உடல் டிரங்குப் பெட்டியில் அடைக்கப்பட்டு போட் மெயில் ரயிலில் மானாமதுரை வரை போனது. தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. ஆளவந்தார் கொலை வழக்கு என்று இன்றும் பேசப்படும் இந்த வழக்கில், தடய அறிவியலைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். தலையும் உடலும் ஒருவருடையவைதான் என்று நிறுவிய சென்னை மருத்துவக் கல்லூரி டாக்டர் சி.பி. கோபாலகிருஷ்ணனுக்கு அந்தப் புகழ் தகும். ஆனால் 1953இல் உயர்நீதிமன்ற செஷன்ஸில் நீதிபதி ஏ.எஸ். பஞ்சாபகேச ஐயர் முன் நடந்த அந்த விசாரணையில், நீதிபதியோடு ஜூரிகளும் உட்கார்ந்திருந்தார்கள் என்பது பெரும்பாலும் மறந்துபோனது. குற்றம் சாட்டப்பட்ட கணவனுக்கு ஏழாண்டும் மனைவிக்கு மூன்றாண்டும் தண்டனை கிடைத்தது. அந்த ஜூரிகள் யார், எங்கிருந்து வந்த வழக்கத்தால் அங்கே இருந்தார்கள் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

இந்திய மண்ணில் கிழக்கிந்தியக் கம்பெனி நடத்திய முதல் ஜூரி விசாரணை புனித ஜார்ஜ் கோட்டையில் நடந்தது. ஆண்டு 1665. தன் அடிமைப் பெண்ணைக் கொன்றதாக அசென்ஷியா டாஸ் என்ற சீமாட்டி கவர்னர் ஃபாக்ஸ்கிராஃப்ட் முன் நிறுத்தப்பட்டார். ஜூரி அவரை விடுவித்தது. செத்தவள் அடிமை, தீர்ப்புச் சொன்னவர்களில் அவள் நிலையில் இருந்தவர் ஒருவரும் இல்லை. மூன்று நூற்றாண்டுகள் இந்த முறையைத் துரத்திய குறை முதல் வழக்கிலேயே தெரிந்துவிட்டது என்பேன்.

1801இல் சென்னையில் உச்சநீதிமன்றம் திறந்தபோதும் ஜூரி நாற்காலி வெள்ளையருக்கே இருந்தது. பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் கதை வேறு. மதுரையில் வளர்ந்த அலெக்ஸாண்டர் ஜான்ஸ்டன் இலங்கையின் தலைமை நீதிபதியாக இருந்தபோது, 1811இல் அத்தீவின் குடிகளுக்கும் ஜூரி உரிமை வந்தது. அந்த முன்னுதாரணமும் சேர்ந்துதான் 1826ஆம் ஆண்டு ஜூரிச் சட்டத்துக்கு வழிவிட்டது. இந்தியர் ஜூரியில் உட்காரலாம். ஆனால் கிறிஸ்தவர் குற்றவாளிக் கூண்டில் நின்றால் ஜூரிகள் எல்லோரும் கிறிஸ்தவராகவே இருக்க வேண்டும் என்றது அது. ராஜாராம் மோகன்ராய் உள்ளிட்டோர் எதிர்த்தார்கள். 1832இல் அந்த நிபந்தனை போயிற்று.

உயர்நீதிமன்ற செஷன்ஸில், 1898ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, ஜூரிகள் ஒன்பது பேர். சீட்டுக் குலுக்கித் தேர்வு. சட்டம் எது என்று நீதிபதி விளக்குவார். நடந்தது எது என்று ஜூரி சொல்லும். ஆறு பேராவது ஒரே முடிவுக்கு வந்து நீதிபதியும் ஒத்துக்கொண்டால் அதுவே தீர்ப்பு. இந்த ஏற்பாடு ராயபுரத்துக்கு உண்டு. வடக்கே சில மைல் தள்ளி, அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் இல்லை. மாகாணத்தின் மாவட்டங்களில் ஜூரி பெரும்பாலும் திருட்டு, கொள்ளை வழக்குகளோடு நின்றது. கொலை வழக்கென்றால் அசெசர்கள்தான். அவர்களும் ஊர்க்காரர்களே, சாட்சியம் முழுவதையும் கேட்பார்கள், கடைசியில் நீதிபதி அவர்கள் கருத்தைக் கேட்டு எழுதிக்கொள்வார். ஆனால் அவர்கள் சொன்னது நீதிபதியைக் கட்டுப்படுத்தாது. ஒரே கடற்கரையில் தெற்கே இருந்தவனுக்கு முடிவு சொல்லும் குடிமக்கள், வடக்கே இருந்தவனுக்கு யோசனை சொல்லும் குடிமக்கள். ஜூரி, அசெசர் என்ற இந்தப் பிரிவை வாசகர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ராயபுரத்தின் ஜூரியிலும் ராயபுரம் முழுமையாக இல்லை. உயர்நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம். ஜூரிப் பட்டியல் சொத்தும் படிப்பும் உள்ளவர்களைச் சுற்றியே அமைந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரும் கட்டுமரம் தள்ளியவரும் கூண்டிலும் சாட்சிப் பெட்டியிலும் நின்றார்கள். ஜூரி நாற்காலி அவர்களுக்கு எட்டவில்லை.

பத்திரிகையாளர் லட்சுமிகாந்தனின் கொலை வழக்குதான் ஜூரியின் மேல் மக்களுக்கிருந்த நம்பிக்கையைக் கலக்கியது. பிராட்வே தியேட்டரில் 'ஹரிதாஸ்' ஓடிக்கொண்டிருக்க, அதன் நாயகன் எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் 1945இல் குற்றவாளிகள் என்று ஜூரி சொன்னது. உயர்நீதிமன்ற மேல்முறையீடும் கைகொடுக்கவில்லை. பிரிவி கவுன்சில் தலையிட்ட பிறகு 1947இல் இருவரும் விடுதலை ஆனார்கள். பம்பாயில் 1959இல் கொலை வழக்கில் கடற்படை அதிகாரி நானாவதியை ஜூரி விடுவித்தது எதிர்த்திசையில் அதே சந்தேகத்தை எழுப்பியது. அந்த ஒரு வழக்கால் ஜூரி ஒழிந்தது என்பது வெறும் கதை; அதற்கு முந்தைய ஆண்டே, 1958இல், சட்ட ஆணையம் தன் 14ஆம் அறிக்கையில் ஒழிப்பைப் பரிந்துரைத்துவிட்டது. அசெசர் முறை 1955ஆம் ஆண்டுத் திருத்தத்தில் போனது. 1974 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் ஜூரிக்கு இடமில்லை. பட்டியலை விரித்திருக்கலாம், தமிழில் விசாரித்திருக்கலாம். அவற்றைச் செய்து பார்க்காமலே நாற்காலியைத் தூக்கிவிட்டார்கள் என்பது என் ஆதங்கம்.

எல்லா நாற்காலிகளும் போய்விடவில்லை. ராயபுரத்தில் 1910இல் எழுந்த பார்சி அக்கினிக் கோயில் இருக்கிறது. அந்தச் சிறு சமூகத்தின் 1936ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் கல்கத்தா, சென்னை, பம்பாய் நகரங்களுக்குத் தனி நீதிமன்றம் விதித்தது. அதில் நீதிபதியோடு பார்சிப் பிரதிநிதிகள் உட்காருவார்கள். முன்பு ஏழு பேர், 1988 திருத்தத்துக்குப் பின் ஐந்து பேர். சட்டக் கேள்வி நீதிபதிக்கு. நடந்தது என்ன என்பதில் பிரதிநிதிகளின் பெரும்பான்மை சொன்னதே முடிவு. பெயர்தான் வேறு, வேலை ஜூரியின் வேலையேதான்.

எண்ணூர்க்காரருக்கு இன்று கிடைத்திருப்பது பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம். அனல்மின் நிலையமோ துறைமுக விரிவாக்கமோ வருமென்றால், 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு கொடுத்துக் கூட்டம் போட வேண்டும். மாவட்ட ஆட்சியரோ, கூடுதல் மாவட்ட நடுவர் நிலைக்குக் குறையாத அவரது பிரதிநிதியோ தலைமை தாங்குவார். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்தும். முழுவதும் வீடியோவில் பதிவாகும். முகத்துவாரம் தூர்ந்ததையும் வலையில் இறால் குறைந்ததையும் சாம்பல் கழிவு ஆற்றில் கலந்ததையும் மீனவர் மைக்கைப் பிடித்துச் சொல்வார். இதெல்லாம் நடந்தது என்ன என்ற கேள்விக்கான சாட்சியம். ஒரு காலத்தில் ஜூரி எடைபோட்ட அதே வகைச் சரக்கு. அதை எடைபோடும் வேலை மட்டும் அந்தப் பந்தலில் நடப்பதில்லை. இத்தனை பேர் வந்தாக வேண்டும் என்ற கணக்கு கிடையாது, வாக்கெடுப்பும் கிடையாது. எழுந்த பிரச்சினைகளின் குறிப்பைக் கூட்ட முடிவில் உள்ளூர் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும் என்கிறது அறிவிக்கை. வாசித்து முடித்துக் கையெழுத்தானதும் கோப்பு மேலே போகும். முடிவு வேறெங்கோ, வேறொரு குழுவின் மேசையில். ஜூரிக்கு வாரிசு வரவில்லை. எண்ணூருக்குத் திரும்பி வந்திருப்பது பழைய செங்கல்பட்டு மாவட்டத்து அசெசர்தான்.