குடவோலையும் முள்வேலியும்

கோலாலம்பூருக்குத் தெற்கே, சுங்கை பீசியை அடுத்துள்ள ஸ்ரீ கெம்பாங்கான், இன்று தொழிற்கூடங்களும் அங்காடிகளும் அடுக்குமாடி வீடுகளும் நிறைந்த நகரம். ஆயினும் அது முள்வேலிக்குள் பிறந்த ஊர். 1950ஆம் ஆண்டில், அவசரகாலம் கடுமையடைந்திருந்த வேளையில், சர் ஹரோல்ட் பிரிக்ஸ் வகுத்த திட்டத்தின்படி, ஈயச் சுரங்கங்களின் ஓரத்திலும் ரப்பர்க் காடுகளின் விளிம்பிலும் சிதறி வாழ்ந்த சீன மக்கள் அங்குக் கொணர்ந்து குடியேற்றப்பட்டனர். செர்டாங் பாரு என்பது அதன் அன்றைய பெயர். அவ்வாறு நாடு முழுவதும் ஏறத்தாழ 450 புதுக்கிராமங்கள் எழுந்தன. 5 இலட்சம் பேர் அளவில் அவற்றுள் அடைக்கப்பட்டனர். வாயிலில் சோதனை, இரவில் ஊரடங்கு, அளந்து தரும் அரிசி என்பனவே அக்கால வாழ்க்கை.

வரலாற்றின் விந்தை யாதெனில், இம்முள்வேலிக்குள்ளேதான் மலாயாவின் மக்களாட்சி தன் முதற்பாடத்தைப் படித்தது. 1952ஆம் ஆண்டின் ஊராட்சி மன்றச் சட்டம், புதுக்கிராமங்களும் சிற்றூர்களும் தமக்கு வேண்டிய மன்றத்தைத் தாமே தேர்ந்தெடுத்து, வரி தண்டி, தெருவையும் கால்வாயையும் சந்தையையும் பேணிக்கொள்ள வழிவகுத்தது. வேலியைத் தாண்டிச் செல்ல அனுமதி கேட்டு நின்ற மனிதனுக்கு, வேலிக்குள் வாக்குரிமை வழங்கப்பட்டது! கம்யூனிஸ்டுகளிடமிருந்து மக்கள் மனத்தை மீட்பதற்கு ஆங்கிலேயர் கையாண்ட உத்தி அது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் கொடுத்தவர் நோக்கம் எதுவாயினும், பெற்றவர் அதனைப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டனர். ஜார்ஜ் டவுனில் 1951 டிசம்பரிலும், கோலாலம்பூரில் 1952 பிப்ரவரியிலும் நகராண்மைத் தேர்தல்கள் நடைபெற்றன. நாடு தழுவிய முதற் பொதுத்தேர்தலோ 1955இல்தான் வந்தது. கால்வாய்க்கு வாக்களித்துப் பழகிய பின்னரே இந்நாட்டு மக்கள் கோட்டைக்கு வாக்களித்தனர்.

தமிழர்க்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. 1957இல் மாநகராக உயர்ந்த ஜார்ஜ் டவுனின் முதல் மேயர் பொறுப்பேற்ற டி. எஸ். இராமநாதன் தமிழரே. ஆனால் பெருந்தொகையான தமிழர் வாழ்ந்த தோட்டங்களின் நிலை வேறு. தோட்டம் தனியார் நிலம். அங்கே குழாய்நீரும் லயத்து வீடும் மருந்தகமும் துரையின் ஆணைக்கு உட்பட்டவை. ஊராட்சி மன்றம் அவ்வெல்லைக்குள் நுழையவில்லை. முள்வேலிக்குள் இருந்த சீனர் தம் தெருவுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த காலத்தில், தோட்டத்துத் தமிழர்க்கு அவ்வாய்ப்புக் கிட்டவில்லை. நம் சமூக வரலாற்றை எழுதுவோர் இதனைப் போதிய அளவு கருதிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

1965 மார்ச் மாதத்தில், இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணங்காட்டி, ஊராட்சித் தேர்தல்கள் யாவும் நிறுத்தி வைக்கப்பட்டன. அமைதி திரும்பியதும் தேர்தல் நடத்தப்படும் எனப் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் நாடாளுமன்றத்தில் உறுதியளித்தார். மோதல் 1966 ஆகஸ்டில் முடிவுற்றது. தேர்தல் திரும்பவில்லை. போரைத் தவிர வேறொரு காரணமும் பேசப்பட்டு வந்தது. ஜார்ஜ் டவுன், சிரம்பான், ஜொகூர் பாரு முதலிய ஊர்களின் மன்றங்களில் முறைகேடு மலிந்துவிட்டது என்பதே அது. அம்மன்றங்களை மாநில அரசுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டன.

இந்நிலையை ஆராய அமைக்கப்பட்ட அரச ஆணையத்திற்குத் தலைமை தாங்கியவர் செனட்டர் ஆதி நாகப்பன். வழக்கறிஞரான அவர் தமிழ் இதழியலிலும் பணியாற்றியவர். ஊர் ஊராகச் சாட்சியம் கேட்ட ஆணையம் 1968 டிசம்பரில் தன் அறிக்கையை முடித்தது. குறைகள் உள்ளன, அவற்றைக் களைக. ஆனால் தேர்ந்தெடுக்கும் உரிமையை மக்களிடம் திருப்பித் தருக என்பது அதன் பரிந்துரைகளின் சாரம். 1971இல் அறிக்கை வெளியிடப்பட்டது. தேர்தல் பற்றிய பரிந்துரை ஏற்கப்படவில்லை. தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் அவர் பெயர் தாங்கிய சாலை ஒன்று உண்டு. அச்சாலையைப் பராமரிப்பது, தேர்தல் காணாத கோலாலம்பூர் மாநகர் மன்றம்!

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் இதே சிக்கல் உத்திரமேரூரில் எழுந்ததைத் தமிழ் மாணவர் அறிவர். முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், 30 குடும்புகளிலிருந்து குடவோலை வழியே வாரிய உறுப்பினரைத் தெரிந்தெடுக்கும் முறையை விரித்துரைக்கின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் நெருங்கிய உறவினரும் ஓலையில் பெயரெழுதப்படும் தகுதியை இழந்தனர். நிலமுடைய அந்தணர் சபைக்கு மட்டுமே உரிய முறை அது. அதனை இன்றைய குடியாட்சியோடு ஒன்றாக்கிப் பெருமை பேசுவது பொருந்தாது. எனினும் ஒன்று கருதத்தக்கது. கணக்குக் காட்டாதவனை அச்சபை விலக்கியது; குடத்தை உடைக்கவில்லை. மலேசியாவிலோ, சில மன்ற உறுப்பினர் செய்த பிழைக்கு வாக்காளர் அனைவரும் உரிமையை இழந்தனர்.

1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் அவ்விழப்பை நிலையாக்கிற்று. மாநில அரசு நியமிக்கும் 8 முதல் 24 உறுப்பினர்கள் மன்றத்தில் அமரலாயினர். இதற்குப் பின்னரே, தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புக்கு விற்கப்பட்டும் வந்த ஆண்டுகளில், தமிழ்க் குடும்பங்கள் பல கிள்ளான் பள்ளத்தாக்கின் நகர்களை நாடி வந்தன. துரையின் ஆட்சியை விட்டு நகராண்மையின் எல்லைக்குள் அவர்கள் கால் வைத்தபோது, வாக்குப்பெட்டி அங்கிருந்து அகற்றப்பட்டு ஆண்டுகள் பல ஆகியிருந்தன. மதிப்பீட்டு வரி மட்டும் தவறாமல் வந்தது.

விளைவு கண்கூடு. கால்வாய் அடைத்துக்கொண்டால் மக்கள் நாடாளுமன்ற உறுப்பினரைத் தேடுகின்றனர். சட்டம் இயற்ற வேண்டியவர் குப்பை வண்டியின் வருகையை விசாரிக்கின்றார். நியமனம் பெற்ற மன்ற உறுப்பினரின் பெயரோ தெருவில் பலருக்குத் தெரியாது. நியமிக்கப்பட்டோருள் உழைப்பாளர் இல்லாமல் இல்லை. ஆனால் அவர் உழையாவிடில் விலக்கும் உரிமை அத்தெருவினருக்கு இல்லை. அதனினும் வருந்தத்தக்கது, அவ்வுரிமை ஒருகாலத்தில் இருந்தது என்பதையே மக்கள் மறந்தமை. செர்டாங் பாரு தலைமுறையின் பேரப்பிள்ளைகளுக்கு அது புதுச்செய்தி.

முற்றிலும் மறந்துவிட்டனர் என்றும் சொல்வதற்கில்லை. பினாங்கு மாநிலம் 2012இல் ஊராட்சித் தேர்தலுக்கெனத் தனிச்சட்டம் இயற்றியது. அது செல்லாதென 2014 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஸ்ரீ கெம்பாங்கான் 1997 முதல் சுபாங் ஜெயா நகராண்மைக் கழகத்தின் கீழும், அது 2020இல் மாநகராக உயர்ந்தபின் மாநகர் மன்றத்தின் கீழும் இருந்து வருகின்றது. அம்மன்றத்தின் உறுப்பினர்களும் நியமனம் பெற்றவர்களே.